தியானம் சாரின் புதுப்படம்

"இனிமே என் மூஞ்சியை நானே எடுத்துக்கிறேன்," என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அறிவித்தார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அலுவலகச் சுவரில் பிரிவுத் தலைவர்களின் வரிசையில் அவர் படமும் தொங்குகிறது. அம்மா எடுத்த படம். கண் இரண்டும் மூடியிருக்கும். அன்றிலிருந்து அங்கே அவருக்குப் பெயரே 'தியானம் சார்'. இப்போது சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். மாலைக்குள் புதுப்படம் போகாவிட்டால் பழையதே மறுபடி ஏறிவிடும்.

"நீ என் போனைத் தொடவே கூடாது," என்றார் அம்மாவிடம்.

"தொடலைங்க. எங்க நின்னா நல்லாருக்கும்னு மட்டும் சொல்லலாமா?"

"அது சொல்லலாம்."

நான் அப்பா கட்சி. தன் முகத்தை எப்படிக் காட்டுவது என்பது ஒரு மனிதனின் அடிப்படை உரிமை. இதைக் கல்லூரி மேடையில் பேசிக் கோப்பையே வாங்கியிருக்கிறேன்.

முதலில் புத்தக அலமாரி. கையைக் கட்டி, லேசாகச் சாய்ந்து, அறிவாளித் தோரணை.

"பிரமாதம்," என்றாள் அம்மா. "பின்னாடி தூசிதான் எடுப்பா தெரியுது. புத்தகத்தைத் தொடாதவர்னு நினைச்சுப்பாங்க."

அப்பா அலமாரியைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் அம்மாவுக்கு வேறு யோசனை வந்தது.

"இங்க வெளிச்சம் பத்தலை. ஜன்னலோரம்தான் உங்க மூக்குக்கு நல்லது."

ஜன்னலோரம், தூரத்தில் எதையோ பார்க்கும் தோரணை. கண்ணாடியில் இருந்த கறை அப்பாவின் கன்னத்தில் மச்சமாக விழுந்தது. உள்பக்கம் அவர் துடைத்தார். வெளிப்பக்கம் உரிமைப் போராளியான நான்.

"அப்பா, பேசாம முகத்தை மட்டும் எடுத்தா என்ன?"

"அப்புறம் பழைய படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"கண்ணுதான்."

முறைத்தார்.

"ஃபேனுக்குக் கீழ நில்லுங்க," என்றாள் அம்மா. "முடி பறந்தா பத்து வயசு குறையும்."

"எந்த முடி?" என்று கேட்டேன். ஃபேனைப் போட்டதும் அதிலிருந்த தூசி முழுவதும் அப்பா மேல் இறங்கியது. அவர் பின்வாங்கும் ஆள் இல்லை. முக்காலி போட்டு ஏறிவிட்டார்.

மாலையில் வீடு பளபளத்தது. அழுக்காக இருந்தது நாங்கள் இருவர்தான். அப்பா குளித்து, சட்டை மாற்றி, ஜன்னலோரம் நின்று ஒரே ஒரு படம் எடுத்தார். கண் திறந்திருந்தது. அம்மாவிடம் நீட்டிக் காட்டிவிட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

உடனே அங்கிருந்து உதவியாளர் அழைத்தார்.

"இது எதுக்கு சார் இன்னொண்ணு? காலையிலேயே மேடம் அனுப்பிட்டாங்களே. சட்டம் போட்டு மாட்டியாச்சு. என்னமா சிரிக்கிறீங்க சார்."

அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"உங்க போனைத் தொடலையே," என்றாள் அம்மா. "என் போன்ல இருந்தது. போன வாரம் எங்க அண்ணன் ஊருக்குக் கிளம்பினப்போ எடுத்தேன். அந்தச் சந்தோஷம் உங்க மூஞ்சியில வேற என்னைக்கு வந்துச்சு?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "அநியாயம்மா இது. காலையிலேயே அனுப்பிட்டு நாள் முழுக்க வேடிக்கை பார்த்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தா ஃபேனை யாருடி துடைச்சிருப்பா?"