லீவு டாக்டர் பார்த்த கல்லடைப்பு

எம்.பி.பி.எஸ். டாக்டரை உங்களுக்குத் தெரியும். எல்.எம்.பி. டாக்டரையும் தெரியும். லீவு டாக்டரைத் தெரியுமோ? வெளியூர்க் காலேஜில் இண்டர்மீடியட்டில் ஜீவசாஸ்திரம் எடுத்துப் படிப்பான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் வாசற்படியைக் கூடக் கண்டிருக்க மாட்டான். ஆனால் லீவுக்கு ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறபோதே, மூட்டை தூக்க வந்தவனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டுதான் இறங்குவான். அவன்தான். இருமலுக்கு அவனிடம் நீளமாக ஒரு பெயர் இருக்கும். மருந்து இருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்துரை இந்த இனத்தில் அசல் வித்து. பாளையங்கோட்டைக் காலேஜிலிருந்து அவன் கொண்டுவந்த பெட்டிக்குள் கத்தி, கத்தரி, இடுக்கி, குண்டூசி எல்லாம் வெல்வெட் துணிமேல் சொகுசாகப் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டதும் பெட்டியும் கையுமாக வாசலில் நிற்பான். பாட்டுப் பாடி முடித்த சனம் அப்படியே வந்து அவன் முன்னால் நாக்கை நீட்டும்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீய?"

"கருவாட்டுக் கொழம்பு, தம்பி."

"அதான்!"

முடிந்தது வைத்தியம். 'எதான்?' என்று கேட்க யாருக்குத் தைரியம் உண்டு? இந்த டாக்டர் இதுவரை உள்ளே திறந்து பார்த்த ஒரே பிராணி தவளை என்பதை அவனும் சொல்லவில்லை, அவர்களும் விசாரிக்கவில்லை.

பரீட்சை முடிந்த அந்தக் கோடையில் மட்டும் பால்துரைக்கு உள்ளூர உதறல். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தாலும் மெட்ராஸில் வைத்துப் படிக்கவைக்க வேண்டியவர் வத்திராயிருப்புத் தாய்மாமன் ஐயாதுரை. அந்தத் தென்னந்தோப்புக்காரர் சரி என்றால் மெட்ராஸ், கூடவே அவர் மகள் இன்பம். மாட்டேன் என்றால் ராஜபாளையத்துப் பருத்திக் கடையில் சாக்கு மூட்டைக்குக் காவல். இன்பத்தை நினைத்தால் அவன் நாடி அவனுக்கே பிடிபடாது.

மாமா மகளோடு விருந்துக்கு வந்தார். சாப்பாட்டுப் பிரியர். பால்துரையின் அம்மா அன்னாள், அடித்த சேவலை மயிர் பிடுங்கி, வாட்டி, மஞ்சள் தடவி வைத்திருந்தாள்.

"ஏலே மருமவனே, ஒன் படிப்பைச் செத்த காட்டு பாப்போம். நீயே அறு," என்றார் மாமா.

வேறு யாராவது என்றால் துண்டு போட்டிருப்பார்கள். லீவு டாக்டர் போடுவானா? பலகையில் சேவலை மல்லாத்தி, இறக்கையையும் காலையும் விரித்துக் குண்டூசி அடித்து, நடுவே ஒரே கோடாகக் கீறினான். இருதயம் சரியாக இருந்தது. ஈரல் சரியாக இருந்தது. அதற்குக் கீழே கெட்டியாக ஒரு உருண்டை. தவளையிடம் இந்தச் சாமானே கிடையாதே! நெற்றி வேர்க்க அதைக் கீறினான். உள்ளே கலகலவென்று பொடிக்கற்கள்.

"மாமா! சேவலுக்குக் கல்லடைப்பு! முத்திப்போன சீக்கு. இதைத் தின்னா அம்புட்டுப் பேருக்கும் ஆபத்து!"

அன்னாள் வாயைத் திறப்பதற்குள் சேவல், குண்டூசி சகிதம், கொல்லைப்புறச் சாக்கடையில் கிடந்தது.

"ஐயோ பாவி! ஏலே, அது இரைப்பை! அண்ணனுக்குன்னு எடுத்து வைக்கிறதுலே!"

"எல்லாக் கோழிக்கும் உள்ள கல்லு கெடக்குமே, அத்தான்," என்றாள் இன்பம். சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பால்துரைக்கு அந்தச் சாக்கடையிலேயே விழலாம்போல் இருந்தது.

மாமா ரசத்துக்கும் துவையலுக்கும் ஜெபம் பண்ணிவிட்டு, தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவி வந்து தங்கையிடம் சொன்னார்.

"அன்னா, இவனை மெட்ராஸுக்கு அனுப்புதேன்."

பால்துரைக்குக் காதை நம்ப முடியவில்லை. "நெசமாவா மாமா?"

"பொறவு என்ன செய்ய? அரைகொறையா ஊருல விட்டா அம்புட்டுப் பேரையும் கொன்னுருவியேலே! முழுசாப் படி. கல்யாணம் அதுக்குப் பொறவு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், படிச்சு முடிக்கிற வரைக்கும் லீவுக்கு இந்தப் பக்கம் வரப்படாது!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தலை வலிக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், 'பித்தம்தான், சந்தேகமே இல்லை' என்று அடித்துச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பால்துரையாவது இரண்டு வருஷம் படித்துவிட்டுச் சொன்னான்.