சரிப்பா, மாட்டேன்

தூணைப் பிளந்து வெளிப்பட்ட பெருமான் திருவடிகளே சரணம்.

அன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பரிகாசத்துக்கும் உரிய மைத்துனருக்கு, உம் தமக்கையின் கணவன் எழுதுவது. இங்கு நானும் உம் தமக்கையும் எங்கள் மகளும் நலம். என் வலது கணுக்கால் ஒன்றைத் தவிர. அதன் வரலாறு பின்னால் வரும். அங்கு நீரும் உம் மனையாளும் மக்களும் எல்லா நலமும் பெற்றிருக்க எல்லாம் வல்லவனை இறைஞ்சுகிறேன். மாடிப்படி ஏறும்போது உம் முழங்கால் கடகடவென்று ஓசையிடுவதாகவும், எங்கள் மகளை ஒருநாள் அனுப்பிவைத்தால் அவள் அதற்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டு, அப்படியே சாப்பிட்டுவிட்டும் போகலாம் என்றும் எழுதியிருந்தீர். பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்: முடியாது.

நீர் சினங்கொள்ளுமுன் ஒன்றை நினைவூட்ட வேண்டும். அவள் இந்தப் படிப்பில் சேர்ந்த புதிதில், உறவினர் அனைவரும் கூடியிருந்த எங்கள் கூடத்தில் நீர் நடுவில் எழுந்து நின்று, "என்ன அத்தான், பொண்ணை ஆட்டக்காரங்க காலைப் பிடிக்கவா படிக்க வைக்கிறீங்க?" என்று கேட்டீர். எல்லோரும் சிரித்தார்கள். உம் தமக்கையும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை என்று மறுத்தாள். நான் அன்று வாய் திறக்கவில்லை, இன்று திறக்கிறேன். திருவடியைப் பற்றுவதே பிறவிப் பயன் என்று விடியல்தோறும் பாடுகிற குடும்பங்கள் உம்முடையதும் என்னுடையதும். அப்படிப் பாடிவிட்டு, காலைப் பிடிப்பது இழிவு என்று ஒருவர் சொன்னால், அவர் இத்தனை காலமும் பாட்டை வாயால் மட்டுமே பாடியிருக்கிறார் என்று பொருள். இது உம்மைக் குறித்து எழுதியதன்று, பொதுவாக எழுதியது.

அவள் படிப்பது அத்லெடிக் டிரெய்னிங். ஆட்டக்காரருக்கு அடிபடாமல் காப்பது, பட்டுவிட்டால் முதலில் ஓடிச்சென்று பார்ப்பது, பார்த்தபின் அவர் தொடர்ந்து ஆடலாமா கூடாதா என்று முடிவு சொல்வது, இவையே அக்கல்வி. பாதி வகுப்பறையில், மீதி மைதானத்தில். மைதானத்துப் பாதிக்கு, அதாவது களப்பயிற்சிக்கு, இன்டர்ன்ஷிப் என்று பெயர். அந்தப் பயிற்சி முடியும்வரை மாணவி தன் விருப்பத்துக்கு எந்த நோயாளியையும் தொட்டுவிட முடியாது. தேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். உம் முழங்காலுக்குக் கட்டுப் போட வேண்டுமானால் அவரும் உம் வீட்டுக்கு வர வேண்டும், அவரும் சாப்பிட வேண்டும். "வீட்டில் உங்கள் காலில் மட்டும் கட்டினாளே" என்று நீர் கேட்பீர். என் கால் அப்போது நலமாயிருந்தது; ஆகவே அது பாடப்புத்தகம். உம் கால் நோயுற்றது. ஆகவே அது நோயாளி. பாடப்புத்தகமாக இருப்பதும் எளிதன்று என்பதை நீர் அறிய வேண்டும். இரண்டு கணுக்காலிலும் வெள்ளை டேப்பைச் சுற்றி, கழற்றி, மீண்டும் சுற்றி, ஒருநாள் கட்டோடு விட்டுவிட்டு அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். எனக்குச் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. காலைப் பாராயணம் முழுவதையும் நின்றுகொண்டே சொன்னேன். உம் தமக்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்குத்தான் தூங்காம சொல்றீங்க" என்றாள்.

அந்த மேற்பார்வையாளர் ஓர் அம்மையார். கால்பந்து அணி ஒன்றின் சிகிச்சை அறை அவர் பொறுப்பு. மாணவர்கள் அவருக்கு இட்ட பெயர் 'தூண்'. ஏன் என்பதை, யாரும் அழைக்காமலே அவ்வறைக்குள் சென்ற அன்று நான் கண்ணாரக் கண்டேன். வரிசையாக உயரமான கட்டில்கள், மூலையில் பனிக்கட்டி நிறைந்த பெட்டி, சுவரில் தோலில்லாத மனிதன் ஒருவனின் படம், எங்கும் வலித்தைலத்தின் காரம். என் மகள் ஓர் ஆட்டக்காரனின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் அந்த அம்மையார் கைகளை முதுகுப்புறம் கட்டிக்கொண்டு, அசையாமல், ஒரு சொல் பேசாமல் நின்றார். நானோ அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன். பிழை கண்ட கணத்தில் சிவப்பு மையைத் தொடாவிட்டால் எனக்கு விரல் அரிக்கும். "ஏம்மா, தப்பு செஞ்சா சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அடுத்தவங்க உடம்புக்கு ஆபத்துன்னா வருவேன். அதுவரைக்கும் அவதான் பாக்கணும்" என்றார். மைத்துனரே, எனக்கு மெய் சிலிர்த்தது. தூணுக்குள் இருப்பவர் எப்போது வெளிப்படுவார் என்பதைத்தானே நாம் காலமெல்லாம் பாடிக்கொண்டிருக்கிறோம்!

அவர் ஒருமுறை வெளிப்படவும் செய்தார். அந்த அணியில் கோல் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான். கால்கள் நீளமாக இருப்பதால் 'கொக்கு' என்று பெயர். தொடையில் தசை பிடித்துக்கொண்டு ஓய்விலிருந்தவன், என் மகளிடம் வந்து, "ஒரே ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்துடறேன், ப்ளீஸ்" என்றிருக்கிறான். இவள், "சரிங்க" என்றிருக்கிறாள். உடனே தூண் நகர்ந்து வந்து, அவன் மார்பில் உள்ளங்கையை வைத்து, "உக்காரு" என்று சொல்லிவிட்டு, இவளைத் தனியே அழைத்து, "உனக்குக் கை தேறிடுச்சு, வாய் தேறலை. முடியாதுன்னு சொல்லத் தெரியாதவங்களை நான் மைதானத்து ஓரத்துல நிக்க விடமாட்டேன். சீசன் முடியறதுக்குள்ள அது வரலைன்னா, தேர்ச்சின்னு கையெழுத்துப் போட மாட்டேன். மறுபடி முதல்லேர்ந்துதான்" என்றாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "அம்மா, எனக்கு மாட்டேன்னு சொல்லவே வரலைம்மா. வாயைத் திறந்தா சரின்னுதான் வருது" என்று அழுதாள். உம் தமக்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் வடிக்க என்னிடம் மொழியில்லை. பெரியோர் சொல்லைத் தட்டாத பெண் என்று ஊர் முழுக்க நான் புகழ் பாடி வளர்த்த பிள்ளை அல்லவா!

ஆகவே மறுத்துப் பேசும் பயிற்சியை நானே என் மேற்பார்வையில் வீட்டில் தொடங்கினேன். "இன்று முதல் நான் எதைச் சொன்னாலும் நீ மறுக்க வேண்டும்" என்றேன். "சரிப்பா" என்றாள். "இதையும் மறுக்கணும்!" என்றேன். "சரிப்பா, மறுக்கறேன்" என்றாள். "தண்ணீர் கொண்டு வா" என்று ஆணையிட்டேன். "சரிப்பா, மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். குரலை உயர்த்திப் பார்த்தேன். மேசையைத் தட்டிப் பார்த்தேன். எவ்வளவு சினந்தாலும், அந்தச் 'சரிப்பா' முன்னால் வராமல் 'மாட்டேன்' பின்னால் வருவதில்லை. அப்பயிற்சியில் முதல் நாளே தேர்ச்சி பெற்றவள் உம் தமக்கைதான். "சட்டை தேய்ச்சாச்சா?" என்று மகளைக் கேட்டால், அடுக்களையிலிருந்து "மாட்டேன்" என்று விடை வரும். "உன்னைக் கேட்கவில்லையே" என்றால், "இருந்தாலும் மாட்டேன்" என்பாள். அவளுக்கு இன்னும் அந்தப் பயிற்சி முடிந்தபாடில்லை.

இனி, சென்ற சனிக்கிழமை. ஆட்டம் பார்க்கப் போனேன். எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது, அரங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. கொக்கு தலையால் பந்தை முட்ட எகிற, எதிரணிக்காரனும் எகிற, இரண்டு மண்டைகளும் மோதிய ஓசை என் இருக்கைவரை கேட்டது. என் மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்; அவள் பின்னால் தூணும். கொக்கு எழுந்துவிட்டான், சிரித்தான், கையை ஆட்டினான், மக்கள் ஆர்ப்பரித்தார்கள். இவள் விடாமல் அவனைக் கோட்டுக்கு வெளியே அழைத்து வந்து முன்னால் நின்று கேள்வி கேட்டாள். நான் அமர்ந்திருந்தது அந்தப் பக்கத்து முதல் வரிசை, எல்லாம் கேட்டது. "இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா?" அவன் யோசித்தான். "கடைசி கோல் யார் போட்டது?" "நான்தான்" என்றான் பெருமையோடு. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், பெயருக்கேற்ற வேலைதான், ஆயினும் அந்தக் கொக்கால் நிற்க முடியவில்லை, சாய்ந்துவிட்டது. அப்போது பயிற்சியாளர் வந்தார். குரல் காரணமாக அவருக்கு 'இடி' என்று பெயர். "நல்லாத்தானே இருக்கான்! உள்ள அனுப்பு!" என்று இடித்தார். என் மகள் திரும்பித் தூணைப் பார்த்தாள். தூணின் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே இருந்தன. அவள் இடியின் முகத்தை நேராக நோக்கி, என் வீட்டுக் கூடத்தில் சொன்ன அதே குரலில், "சரிங்க சார், அனுப்ப மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"சரிங்க சார், நீங்க கோபப்படுங்க. அவர் தலையில அடிபட்டிருக்கு. இன்னைக்கு அனுப்ப மாட்டேன்."

அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இடிக்குத் தெரியவில்லை. முரட்டு மறுப்பாயிருந்தால் முட்டியிருப்பார். இது தலைவணங்கி வந்த மறுப்பு. எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளுவது? கடைசியில் மாற்று ஆட்டக்காரனைக் கூப்பிட்டார். அரங்கமே "விடு, விடு" என்று கூவியது. இந்த இடத்தில் நான் செய்ததை உம்மிடமிருந்து மறைக்கலாம். ஆனால் உம் தமக்கை எப்படியும் தொலைபேசியில் சொல்லிவிடுவாள். அந்தக் கூச்சலில் நான் யார், எதற்கு வந்தேன் என்பதெல்லாம் மறந்துபோய், நானும் எழுந்து நின்று, "விடும்மா, பையன் ஆடட்டும்!" என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நில்லாமல், ஒரு தந்தை நேரில் சொன்னால் கேட்பாள் என்ற எண்ணத்தில் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளேயும் போனேன். அவள் கொக்கின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரிப்பா, வெளிய போங்க" என்றாள்.

போனேன். மறுபடி கயிற்றைத் தாண்டும்போது கால் மாட்டி, கணுக்கால் மடங்கி, அத்தனை பேர் முன்னிலையில் சாஷ்டாங்கமாக விழுந்தேன். "அம்மா!" என்று நான் அலறியது இடியின் குரலையும் மிஞ்சியது. என் மகள் திரும்பினாளா? ஒரு கணம் பார்த்தாள். மூச்சு இருக்கிறது, வாய் இருக்கிறது என்று கண்டாள். மறுபடி கொக்கின் பக்கம் திரும்பிவிட்டாள். தலையில் அடிபட்டவன் முன்னால், காலில் அடிபட்டவன் பின்னால், அவன் தன் அப்பனே ஆனாலும். மைத்துனரே, அந்தப் புல்லில் முகம் புதைந்து கிடந்த கணத்தில் எனக்கு வலித்தது; ஆனால் அதைவிட அதிகமாக உள்ளம் பூரித்தது.

அப்போதுதான் தூண் பிளந்தது. ஆம், எனக்காக. அந்த அம்மையார் முதுகுப்புறத்துக் கைகளை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்து மண்டியிட்டார்.

"ஐயா, அவளுக்கு மறுத்துப் பேச யார் கத்துக்குடுத்தது?"

"அடியேன்தான்" என்றேன்.

"அப்ப அவ மறுத்ததை நீங்க ஏன் கேக்கலை? காலை அசைக்காதீங்க."

"சரிம்மா" என்றேன். வேறெதுவும் எனக்கு வாயில் வரவில்லை. இந்தக் குணம் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் ஐயுற வேண்டாம். பிறகு ஆற்றாமையால், "என் பொண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையேம்மா" என்றேன். அவர் என் கணுக்காலில் பனிக்கட்டிப் பையை அழுத்திக்கொண்டே, அங்கிருந்தபடியே அவளைப் பார்த்தார். "அதனாலதாங்க நான் இங்க வர முடிஞ்சுது. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அவளை விட்டுத் தள்ளி நிக்கிறேன்" என்றார்.

அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். உடைமாற்றும் அறையில் கொக்கு இருமுறை வாந்தியெடுத்தான், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் அதிர்ச்சி, ஆடியிருந்து இன்னோர் அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னாராம். இப்போது தேறி வருகிறான். மறுநாள் இடி சிகிச்சை அறை வாசலில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, அவர் குரலுக்கு அது கிசுகிசுப்பு, "அடுத்த ஆட்டத்துக்கும் நீதானே வர்றே?" என்று கேட்டாராம். "சரிங்க சார்" என்றாளாம். தூண் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இவ்வளவையும் நான் எழுதியது தற்பெருமைக்கன்று. தற்பெருமை எத்துணைக் கொடியது என்பதைப் புல்லில் விழுந்து கற்றுக்கொண்டேன். அது என்னுள் அடியோடு அழிந்தது. இனி மைதானத்தின் பக்கமே காலடி வைப்பதில்லை என்று உம் தமக்கை முன்னிலையில் உறுதி கூறியிருக்கிறேன். எங்கள் மகள் படிப்பை முடித்துத் தனித்து நிற்கும் நாள் வரும். அன்று உம் முழங்காலை அவளிடம் கொண்டு வாரும். அதுவரை பொறுத்தருள்க; நீரும் தயவுசெய்து இப்பக்கம் வர வேண்டாம். உம் மனையாளுக்கு எங்கள் அன்பைச் சொல்க. மக்கள் கல்வியிலும் ஒழுக்கத்திலும் ஓங்குக. உம் இல்லம் நிறைந்து வாழ்க.

இப்படிக்கு,
பெருமையை வென்ற உம் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. வரும் சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். தூண் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்துகொள்ளப் போகிறாராம். கோட்டோரம் முழுவதும் நம் பெண் பொறுப்பு. "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "சரிப்பா, வேண்டாம்" என்றாள். என்னை உள்ளே விடக்கூடாதென்று நுழைவாயிலிலும் சொல்லிவைத்திருக்கிறாள். ஆகவே நீர் வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வாரும். நாம் போகும்போது உம் முழங்கால் நன்றாகக் கடகடக்கட்டும். நொண்டுவதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துவருபவனை எந்தக் காவலாளியும் தடுக்க மாட்டான். உள்ளே போய் அவளிடம் உம் காலைக் காட்டும். "சரி மாமா, இப்ப முடியாது" என்று அவள் சொல்வாள். மைத்துனரே, அதை நீர் உம் காதால் கேட்க வேண்டும். கேட்ட கையோடு எழுந்து நின்று, அன்று எங்கள் கூடத்தில் கேட்ட அதே குரலில், "இது எங்க அக்கா பொண்ணு!" என்று அரங்கம் அதிரக் கத்தும், நான் உறுதி கூறியிருப்பதால் என்னால் கத்த இயலாது, மெதுவாகத்தான் கத்துவேன். பெருமான் அருளால் உமக்கும் உம் குடும்பத்தார் யாவர்க்கும் எல்லா நலமும் இன்றே கூடுக. உம் முழங்காலுக்கு மட்டும் சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபின் கூடுக.