வில்லியத்துக்கு ஒரு மரண அறிவித்தல்

ஜெர்மனியில் இருக்கிற இத்தனை தமிழருக்குள்ளும், செத்து நூறு வருசத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொந்தக்காரர் தேடி அலைந்த ஒரே மனிசன் எங்கள் ஸ்கொட் அண்ணைதான். அந்த அலைச்சலில் ஒட்டிய பட்டம் அது; உண்மைப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பிள்ளைகள் இல்லை. மனைவி மேரி அக்கா காலமான பிறகு ஞாயிறுதோறும் சேமக்காலைக்கு, அவளுடைய கல்லறைக்குப் போவார். சாரதி நான். அக்காவின் ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், மறுபக்கம் பாசி பிடித்த பழைய கல். 'வில்லியம், சுரங்கத் தொழிலாளி, ஸ்கொட்லாந்து' என்பது மட்டும் வாசிக்கலாம். அந்தக் காலத்தில் இங்கே நிலக்கரிக் குழி வெட்ட வந்தவனாம்.

ஒருநாள் அந்தக் கல்லில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஜெர்மன்காரர் எதில் எதை ஒட்டினாலும் எனக்குப் பயம்.

"உறவினர் ஆரும் வந்து கதைக்காட்டி கல்லைத் தூக்கிப்போடுவினமாம், அண்ணை."

"தூக்கினால் மேரி தனிச்சுப் போவாளே! பக்கத்திலை ஆள் இல்லாட்டி அவளுக்கு நித்திரை வராது, தம்பி."

அன்றைக்குத் தொடங்கியது. ஸ்கொட்லாந்துத் தேவாலயங்களுக்கெல்லாம் போன். அங்கே வில்லியம் இல்லாத வீடே இல்லையாம். கிறிஸ்துமஸ் சந்தையில் கட்டம்போட்ட பாவாடையோடு குழல் ஊதியவனை மறித்தார். கலியாண வீட்டில் நம் ஆட்கள் விசாரிக்கிற அதே முறை, ஜெர்மன் மொழியில்.

"ஊரிலை எவடம்? ஆரின்ரை மகன்? அப்பப்பாவுக்கு என்ன வேலை?"

அவன் டோர்ட்மண்ட் பேக்கரிக்காரன் மகன். பாவாடை வாடகைக்காம்.

"பிறகேன்ரா இந்தக் குளிருக்குள்ளை இதைக் கட்டிக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் அண்ணை.

இதற்குள் இன்னொரு திட்டம்: சொந்தம் அகப்பட்டதும் வில்லியத்துக்குத் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று முழுதாக.

"அண்ணை, அவன் செத்து நூறு வருசம்!"

"இன்னும் அறிவிக்கேல்லைத்தானே?"

கடைசியில் சேமக்காலை அலுவலகத்தில் சந்திக்க நேரம் எடுத்துப் போனோம்.

"நீங்கள் இறந்தவருக்கு உறவா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஓம். என்ரை மனிசிக்குப் பக்கத்து வீடு."

அவள் சிரிக்கவில்லை. உறவு கட்டாயமில்லை, கல்லைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும் என்றாள். அண்ணை உடனே கையெழுத்து வைத்தார். ஸ்கொட்லாந்திலிருந்து யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று எனக்கு வியர்த்தது. வெளியே வந்து பார்த்தால் அவர் அழுதுகொண்டு நிற்கிறார்.

"கல்லு நிக்கும், தம்பி. ஆனால் பாவி செத்தது அவன்ரை ஆக்களுக்குத் தெரியாதே."

இந்தக் குளிர்காலத்தில் அண்ணையும் போய்விட்டார், மேரி அக்காவின் கல்லறைக்குள்ளேயே. வானொலிக்கு நான்தான் போன் எடுத்தேன்.

"உறவுகளைச் சொல்லுங்கோ."

"மேரியின் அன்புக் கணவர்." அதற்குமேல் ஆளில்லை. அறிவிப்பாளர் காத்துக்கொண்டிருந்தார். "வில்லியத்தின் பாசமிகு அயலவர் எண்டும் போடுங்கோ."

"வில்லியம் எவடத்து ஆள்?"

"ஸ்கொட்லாந்து."

"சரி. தகவல் தாறது ஆர்?"

"தம்பி எண்டு போடுங்கோ."

"சொந்தத் தம்பியோ?"

பொய் சொன்னால் பிடிபடுவேன் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தவன் நான்.

"ஓம்" என்றேன். குரல் நடுங்கவேயில்லை.