நுனி போக மிச்சம்

"பட்டாணி வேரெல்லாம் எங்கேய்யா?" என்று அலறினார் ஜோசப்ராஜ்.

"நுனிய நறுக்கி வெச்சிக்கீறேன் சார்," என்றார் அட்டெண்டர் துலுக்கானம், பெருமையாக.

அம்பத்தூரை ஒட்டிய அந்தக் கல்லூரியின் தாவரவியல் கூடத்தில் அதுதான் வழக்கம். செல் பிரிவதைப் பார்க்க வேர் நுனி போதும். ஜோசப்ராஜுக்கோ நுனிக்கு மேலே ரோமம் விட்ட பகுதிதான் வேண்டும். அங்கே செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு, தத்தம் வேலைக்கேற்ப மாறிவிடுகின்றன. ஆனாலும் சிலவற்றில் டி.என்.ஏ. மட்டும் உள்ளுக்குள்ளேயே இரட்டிக்கிறது. சாயம் போட்டால் உட்கரு பெரிதாக, கருஞ்சிவப்பாகத் தெரியும். அதை வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவுக்குக் காட்டினால் விரிவுரையாளர் வேலை. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை டெமான்ஸ்ட்ரேட்டர்தான். பதினாறு வருஷமாகப் படிப்பு மட்டும் இரட்டித்துக்கொண்டிருந்தது. ஆள் அதே ஸ்டூலில்.

"மிச்சம்?"

"அது வந்து சார்..."

"குப்பையிலதானே கொட்டினே? வாயத் திறக்காதே!"

துலுக்கானம் திறக்கவில்லை.

துறைத்தலைவர் சத்தியராஜ் வந்து ஆதரவாகத் தோளைத் தட்டினார். "இன்னிக்குத் திங்கள்தானே ஜோசப்? கடைப் பட்டாணி வாங்கி ஊறப் போடுங்க."

போட்டார். பட்டாணிக்கு ஏற்றியிருந்த சாயம் கரைந்து தண்ணீர்தான் பச்சையாயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை.

"வெந்நீர் ஊத்திப் பாருங்க, சட்டுனு முளைக்கும்," என்றார் சத்தியராஜ்.

தாவரவியல் படித்தவர் இதை நம்பியிருக்கக் கூடாது. பயம் வந்துவிட்டால் படிப்பு எங்கே நிற்கிறது? புதன்கிழமை கூடம் முழுக்கச் சுண்டல் வாசனை.

"உப்பு போட்டா துன்னலாம் சார்," என்றார் துலுக்கானம்.

வியாழக்கிழமை சத்தியராஜ் லீவு கொடுத்து, கொரட்டூரில் ஒரு நர்சரிக்கு அனுப்பினார். அங்கே ரோஜாவும் குரோட்டன்ஸும்தான் இருந்தன. "பட்டாணியா? பீச்சுக்குப் போங்க சார்," என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை ஜோசப்ராஜ் வெறுங்கையோடு குழுவின் முன் நின்றார். அவருக்கு முன்னால் போய் வந்தவர், போன மாதம்தான் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த தேவராஜ். மேசையில் தேவராஜின் ஸ்லைடு இருந்தது. ஜோசப்ராஜ் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். பட்டாணி வேர், ரோமம் விட்ட பகுதி, கருஞ்சிவப்பாகக் கொழுத்த உட்கருக்கள்.

வெளியே வந்து துலுக்கானத்தின் சட்டையைப் பிடித்தார். "அவனுக்கு மட்டும் எங்கேருந்துய்யா வேர் கிடைச்சுது?"

"நீதானே சார் வாயத் தொறக்காதேன்னே! 'நுனி ஜோசப்புக்கு, மிச்சம் என் வருங்கால மாப்ளைக்கு'ன்னு சொல்லி, சத்தியராஜ் சாருதான் கத்திரிக்கோல எடுத்துக் குடுத்தாரு."