நான் மைக்கைப் பிடித்ததால் தள்ளிப்போன கல்யாணம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், வீட்டம்மா, மகள் மூவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பூமிக்கடியில் இருக்கும் சூட்டை எடுத்து மின்சாரம் செய்கிற தங்கள் மகனின் திட்டத்துக்கு ஒருவழியாக அனுமதி வந்துவிட்டது. "துளை போட அனுமதி வந்ததும் கல்யாணம்" என்று நாம் கைகொடுத்துப் பேசி மூன்று வருடமாகிறது. பஸ் நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்த்தே தலை நரைத்தவன் நான். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு டிரைவர்களைக் காய்ச்சி எடுத்தவன். என்னைப் போய், துளை போடும் இடத்து மேட்டிலுள்ள ஆந்தை குஞ்சு பொரித்துப் பறக்கவிடும்வரை காத்திரு என்றால் எப்படி இருக்கும்? அனுமதி தரவேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வு அதிகாரி அம்மா அப்படித்தான் சொன்னார். நாலு பருவமும் நிலத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாராம்.

பொறுக்கமாட்டாமல் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடித்துவிட்டேன். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். மகளின் வயது, மண்டபம் கிடைக்காத கஷ்டம், வீட்டம்மாவின் ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அங்கே யார் எதைப் பேசினாலும் பதிவு செய்து, ஆராய்ந்து, எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது விதியாம். எனக்கு யார் சொன்னார்கள்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். என் பேச்சை ஆராயவே இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது. கடைசியில் தேதியைத் தள்ளியது ஆந்தை அல்ல, நான்தான்.

ஆனால் வந்த பதிலைப் படித்ததும் என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "மண்டபத் தட்டுப்பாடு இத்திட்டத்தின் பாதிப்புகளில் அடங்காது. மணமக்களின் குடிநீர் அடங்கும்" என்று அந்த அம்மா எழுதியிருந்தார். சூடு எடுத்த பிறகு அந்த உப்புத் தண்ணீரைத் திரும்பவும் பூமிக்குள் இறக்க வேண்டுமாம். அதற்குக் குறித்திருந்த மேட்டிலிருந்து நீர் தங்கள் தெருக் கிணறுகளுக்குத்தான் கசிகிறது என்பது மழைக்குப் பிறகு அளந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. இடத்தையே மாற்றவைத்துவிட்டார். நன்றி சொல்லப் போனேன். "உங்க பொண்ணு போய் குடிக்கப்போற தண்ணிதானே சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்தார். வாழ்நாளெல்லாம் நேரத்தை மட்டும் பார்த்தவன் நான். பிரேக்கைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பவர் அவர். எழுந்து நின்று வணக்கம் போடத் தோன்றியது.

ஆகவே இனி ஒரு நாளும் தாமதம் கூடாது. அடுத்த மாதமே முடித்துவிடுவோம். மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், தங்கள் வீட்டாருக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, மூணு வருஷமா நான் பார்த்தது அனுமதிக்காகக் காத்துக்கிட்டிருந்த மனுஷரை. அனுமதி கிடைச்ச மனுஷர் எப்படி இருப்பார்னு இன்னும் பார்க்கலையே. ஒரு மழை, ஒரு வெயில் போகட்டும்" என்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கருத்துச் சொல்றீங்களாப்பா? பதிவு பண்ணிக்கிறேன். எழுத்துல பதில் தரேன்" என்றாள். மண்டபத்தை ரத்து செய்துவிட்டேன். தயவுசெய்து தாங்களும் எதுவும் பேசிவிடாதீர்கள். பேசினால் இரண்டு மாதம் கூடும்.