கால்வாசி அண்ணாச்சியும் செண்பகத்தக்காவின் டிரைவும்

சங்கரன்கோவில் தாலுகாவிலேயே ஒரு நாற்காலியில் இரண்டாம் முறை உட்காராத ஆள் கால்வாசி அண்ணாச்சி ஒருவர்தான். முடிவெட்டும் கடையில் மூன்று நாற்காலிகள். மூன்று மாதத்தில் மூன்றையும் முடித்துவிட்டு, நான்காம் மாதம் கடையையே மாற்றினார். நேற்று டீ குடித்த கடையில் இன்று குடிக்க மாட்டார். நேற்று ஸ்கூட்டரைச் சாய்த்த சுவரில் இன்று சாய்க்க மாட்டார்.

கேட்டால், "ஒரே எடத்துலயே உக்காந்தா அந்த எடம் தேஞ்சிரும்லாவே" என்பார்.

தொழில் கம்ப்யூட்டர் பராமரிப்பு. கடை கிடையாது, தோளில் ஒரு பை, காலடியில் ஒரு ஸ்கூட்டர். காலையில் குருவிகுளத்தில் இருப்பார், பத்து மணிக்குத் திருவேங்கடத்தில், மதியம் ராயகிரியில் யாருடைய மேஜைக்கடியிலோ. காற்றுக்குக்கூட இந்த வட்டாரத்தில் ஒரு ஓய்வு உண்டு. அவருக்கு இல்லை.

அவரை இப்படி ஆக்கியது எஸ்.எஸ்.டி. சுழலும் தட்டு இல்லாத, சத்தமே போடாத அந்தப் புதுவகை டிரைவ். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண் பளபளக்கும்.

"உள்ள பூராம் சின்னச் சின்ன அறைவே. ஒவ்வொரு அறையிலயும் இத்தன தடவதான் எழுதலாம்னு ஒரு ஆயுசு இருக்கு. ஒரே அறையில எழுதி அழிச்சு, எழுதி அழிச்சுன்னா செத்துரும். அதான் உள்ள இருக்கவன் எல்லா அறைக்கும் மாத்தி மாத்தி வேலை குடுக்கான். அவனுக்குக் கைகால் நீட்ட எடம் வேண்டாமா? கால்வாசிய காலியா விடும்!"

பெயர் வந்தது அப்படித்தான். பிறகு அந்தக் கால்வாசி அவர் வாழ்க்கைக்குள் ஏறிவிட்டது. முக்கால் வயிறு, முக்கால் பை, முக்கால் தம்ளர் காபி. ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் அவர் வீட்டம்மா என்னை மறித்தார்.

"கேளுங்க தம்பி, நாலு ரூமுல ஒண்ணப் பூட்டி வெச்சிருக்காரு. நாங்க அஞ்சு பேரும் கருவாடு அடுக்குன மாதிரி ஹாலுல கெடக்கோம். கேட்டா, வீடு ஸ்லோ ஆயிரும்ங்காரு!"

யாரைப் பார்த்தாலும் "சௌக்கியமா" கிடையாது, "எத்தன பெர்சன்ட்?" என்பார். டிரைவின் ஆயுள் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று அர்த்தம். துட்டி வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டு நின்ற மகனிடம் ரகசியமாக இதைக் கேட்டவர்.

நான் அப்போது செண்பகத்தக்காவின் டிசைன் கடையில் இருந்தேன். அக்கா விசைத்தறிச் சேலைகளுக்கு பார்டர் வரைவாள். வந்து விழும் சேலைகளுக்குப் பெயர் வைத்து லேபிள் எழுதுவது என் வேலை. தறிக்கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் அக்கா. நூல் சுற்றிய கையாலேயே கம்ப்யூட்டர் பழகி, பதினொரு வருஷமாக மாங்காயும் மயிலும் தாழம்பூவுமாக வரைந்தவள். அத்தனையும் ஒரே ஒரு டிரைவில் இருந்தன.

அந்த டிரைவின் கதைதான் அண்ணாச்சியை அலைக்கழித்தது. தொண்ணூற்றாறில் இருந்த ஆயுள் எழுபதானது. அடுத்த தடவை நாற்பது.

"இத யாரோ திருட்டுத்தனமா ஓட்டுதான் தாயி!" ஆயுதபூஜைக்கு அக்கா கம்ப்யூட்டரின் காற்றோட்டத் துளையில் அப்பிய சந்தனத்தைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே கத்தினார் அண்ணாச்சி. "சூடு ஆகாது, சந்தனமும் ஆகாது! இந்தக் கூட்டுத டிஃப்ராக் சமாச்சாரத்தத் தொடவே கூடாது, கேட்டீங்களா? அது பழைய டிரைவுக்கு. இதுல சாமானத்த எடுத்து எடுத்து வெச்சா அறைதான் தேயும்!"

"கேட்டேன் அண்ணாச்சி" என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி, கடையைக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தியபின், சிதறிக் கிடக்கும் கோப்புகளை எடுத்து வரிசையாக அடுக்கும் அந்த டிஃப்ராகை அக்கா ஓடவிடுவாள். வாசலைக் கூட்டுகிறவள் டிரைவை மட்டும் கூட்டாமல் விடுவாளா? நானும் அது பூஜையின் கடைசி அங்கம் போல என்றிருந்தேன். அண்ணாச்சி கத்திவிட்டுப் போனதும் அக்கா விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "ரொம்ப அழுக்கா இருக்கும் போல, அதான் மனுசன் இப்படிக் கத்துதாரு" என்று செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள்.

காலி இடமும் நிலைக்கவில்லை. எங்கள் ஊரில் காலி மனை என்றால் ஒருவன் செங்கல் அடுக்குவான், ஒருவன் ஆடு கட்டுவான். அக்காவின் மைத்துனர், நகல் எடுக்க வைத்திருந்த வெளி டிரைவை வாங்கிப் போய், அதை அழித்து மகளின் சடங்கு வீடியோவை ஏற்றினார். மிஞ்சிய போட்டோக்களைக் கடை டிரைவின் காலி கால்வாசியில் கொட்டினார். "சும்மாதான மதினி கெடக்கு!"

கார்த்திகையில் ஒரு முகூர்த்தநாள். பொங்கல் சேலைகளுக்கான பார்டர்களைத் திங்கட்கிழமை தறிக்குக் கொடுத்தாக வேண்டும். காலை ஏழரைக்கு அக்கா ஒரு மயிலுக்குக் கொண்டை வைத்தாள். கம்ப்யூட்டர் சேமிக்க மாட்டேன் என்றது. போன் போட்டோம். அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"எத்தன பெர்சன்ட்?"

"சைபர் காட்டுது அண்ணாச்சி."

எந்த நாற்காலி என்று பார்க்காமலே உட்கார்ந்தார்.

"இனிமே எழுத விடாது தாயி. படிக்க மட்டும் விடுது. அதுக்குள்ள எல்லாத்தையும் வெளிய எடுத்துரணும். இடையில அணைஞ்சா திரும்ப முழிக்குமோ, முழிக்காதோ." பையிலிருந்து ஒரு புது டிரைவை எடுத்துச் செருகினார். நகல் ஓடத் தொடங்கியது. திரை மூன்று மணி நேரம் என்றது.

அக்கா சுவரில் சாய்ந்தாள். "இன்னைக்கு மாசாந்திர கரண்டு கட்டு. ஒம்பது மணிக்குப் போயிரும்."

"யூ.பி.எஸ். இருபது நிமிசம் தாங்கும்."

"வரைஞ்சது போச்சுன்னா நான் திரும்பவும் தார் சுத்தத்தான் போணும் அண்ணாச்சி."

பக்கத்தில் கல்யாண மண்டபம். அங்கே ஜெனரேட்டர் உண்டு. அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் கத்தினார். "வே, மேனேஜரே! ஒரு வயரு குடும்!"

"பந்தி ஓடுதுவே! லோடு தாங்காது, போரும்!"

அக்கா நிற்கவில்லை. ஓடினாள், நானும் பின்னால். மேனேஜரைத் தாண்டி, பந்தியைத் தாண்டி, நேரே சமையல் கூடம். அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரிய உடம்புக்கார அம்மாளின் முந்தானையை அக்கா எட்டிப் பிடித்தாள்.

"மதினி, இந்த மாங்கா பார்டரு நான் போட்டது. இதே மாதிரி நூத்துக்கணக்குல அங்கன சாகக் கெடக்கு. ஒரு வயருக்கு எடம் குடுங்க!"

அந்த அம்மாள் தன் முந்தானையை ஒருமுறை பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் வயரைப் பிடுங்கினாள்.

"ஐயோ, சட்னி!" என்றார் மேனேஜர்.

"பொடி வெய்யும்வே! மாப்பிள வீட்டுக்காரன் செத்தா போவான்?"

அன்று இரண்டாம் பந்தி முழுக்க இட்லிக்குப் பொடிதான். கிரைண்டரின் கரண்ட் ஜன்னல் வழியாக எங்கள் யூ.பி.எஸ்.ஸுக்கு வந்தது. ஒன்பதுக்கு ஊரே அணைந்தபோது, எங்கள் திரை மட்டும் அணையவில்லை.

ஆனால் டிரைவ் கொதித்தது. கொதித்தால் நகல் நின்றது, ஆறினால் நகர்ந்தது. மேலே சுற்றும் மின்விசிறிக்கு அந்த வயர் கிடையாது. அண்ணாச்சி மேஜைமேல் கிடந்த, டிசைனுக்குத் துளையிட்ட தறி அட்டை ஒன்றை எடுத்து விசிறத் தொடங்கினார். ஒரு மணி நேரம். ஒன்றரை. எழவில்லை, கால் மாற்றவில்லை, போனை எடுக்கவில்லை. கையை மாற்றிவிட நான் போனபோது, "வேகம் மாறிரும்வே, தள்ளும்" என்றார்.

அப்போதுதான் அக்கா சொன்னாள், அழுதபடி. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான்தான் அண்ணாச்சி அந்த டிஃப்ராக ஓட்டுவேன். செவ்வாக்கெழமையும்."

விசிறல் ஒரு நொடி நின்றது.

"செவ்வாயுமா?" என்றார். அவ்வளவுதான். விசிறல் தொடர்ந்தது.

பத்தே முக்காலுக்குக் கடைசி மயில் புது டிரைவுக்கு வந்து சேர்ந்தது. அக்கா ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தாள்: மாங்காய், தாழம்பூ, முதன்முதலில் வரைந்த கோணல் அன்னம். எல்லாம் இருந்தன. "அண்ணாச்சி!" என்று திரும்பினாள்.

அவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அட்டை மட்டும் விரலிடுக்கில் இன்னும் இருந்தது. அக்கா அதை நூல் உருவுவதுபோல மெதுவாக உருவி, பக்கத்தில் நின்று அவருக்கு விசிற ஆரம்பித்தாள்.

பக்கத்து மண்டபத்தில் கெட்டிமேளம் எழுந்தது. வயரை நசுக்காமல், அந்த ஜன்னலை எவ்வளவு சாத்த முடியுமோ அவ்வளவு சாத்தினேன்.