பத்து ரூபாக் குற்றி நுழையாத ஓட்டை

ஆவணி ஒன்பதாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணி பதினாலு நிமிடம். நல்ல வெயில், கச்சான் காற்று, மழைக்கு அறிகுறியே இல்லை. என் மகன் செந்தூரனின் பொன்னுருக்கில், தாலிக்கு உருக்க வைத்திருந்த தங்கக் காசு அப்போதுதான் காணாமல் போனது. சுபநேரம் பத்து முப்பத்தாறுக்கு முடிகிறது. இதையெல்லாம் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பவன். அன்றைக்குக் காசைப் பார்த்திருக்கலாம்.

குற்றவாளி ஒரு மரத்தட்டம். செய்தவன் நான்.

முரசுமோட்டையில் எங்கள் வளவில் நின்ற வேம்பு ஒன்று காற்றுக்கு விழுந்தது. மர ஆலைக்காரர் வந்தார், அடிமரத்தைத் தட்டினார். "மாஸ்ரர், இந்தப் பக்கத்து மரத்துக்குள்ள சண்டைக் காலத்துச் செல் துண்டு கிடக்கும். என்ரை வாள் பல்லுப் போயிடும்" என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மரம் கிடந்தது. நானும் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு கிடந்தேன். போதாததற்கு, மரம் கடைகிற பழைய மெசின் ஒன்றை வாங்கியும் வைத்திருந்தேன்.

"கீரை கடையத் தெரியாத மனுசன் மரம் கடையப் போறார்" என்றாள் என் மனைவி மனோன்மணி.

கைவாளால் ஒரு துண்டை அறுத்தேன். ஆலைக்காரர் சொன்னது சரிதான். உள்ளே செல் துண்டொன்று இருந்தது. அதைச் சுற்றி மரம் மை கொட்டினாற்போல நீலம் பாய்ந்திருந்தது. இரும்பைக் குறட்டால் பிடுங்கினேன். கடையக் கடைய நீலம் விரிந்து தட்டம் முழுக்கப் படர்ந்தது. நடுவில் இரும்பு இருந்த இடம் மட்டும் நீட்டு ஓட்டையாக நின்றது. கைபேசியில் நான் பார்த்த வெள்ளைக்காரர் இப்படியான ஓட்டைகளை அடைப்பதில்லை. மரத்தின் குணம் என்று சொல்லித் தடவிக்கொடுப்பார். நானும் தடவிக்கொடுத்தேன். (இரண்டு சிராய் ஏறியது.)

பொன்னுருக்குக்கு இந்தத் தட்டந்தான் என்று அறிவித்தேன்.

"இஞ்சேருங்கோ, உதுக்குள்ள ஓட்டை கிடக்கு."

"அது ஓட்டை இல்லை. மரத்தின்ரை குணம்."

"அப்ப குணத்துக்குள்ள கொஞ்சம் மெழுகை வைச்சு அடையுங்கோ."

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவனிடம் மெழுகா? சில்லறைக்குள்ளிருந்து ஒரு பத்து ரூபாக் குற்றியை எடுத்து ஓட்டையில் வைத்தேன். நுழையவில்லை. நிமிர்த்தி வைத்தேன், சரித்து வைத்தேன், நுழையவில்லை. "பாரும், காசு போகாது" என்றேன். நிறுவியாகிவிட்டது. தங்கக் காசு பத்து ரூபாக் குற்றியை விடச் சின்னது என்பது நிறுவலில் வரவில்லை.

அன்று செட்டிகுளத்திலிருந்து பெண் வீட்டார் பதினாறு பேர் வந்திருந்தார்கள். மனோன்மணி ஓட்டையை வெற்றிலையால் மூடி, அதன்மேல் காசை வைத்தாள். உருக்குவதற்கு முன் தட்டத்தைச் சபையில் எல்லோரிடமும் கொண்டுபோய், தொட்டு ஆசீர்வதிக்கச் சொல்வது வழக்கம். பெண்கள் கொண்டுபோவார்கள். நான் வேட்டியும் இடுப்பில் பட்டுச் சால்வையுமாகப் போய், மச்சாளின் கையிலிருந்து அதை வாங்கினேன். வெற்றிலை நீலத்தை மறைத்தது. ஒரு கரைக்கு ஒதுக்கினேன். பிறகு தட்டத்தை வயிற்றோடு அணைத்தபடி ஒவ்வொருவரிடமும் போய், வேம்பு விழுந்த கதையிலிருந்து தொடங்கினேன். எல்லோரும் நீலத்தைப் பார்த்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

கடைசியில், பொன் உருக்க வந்திருந்த ஆசாரியார் தட்டத்தை வாங்கிப் பார்த்தார். "வெத்திலை இருக்கு, பாக்கு இருக்கு. நான் எதை உருக்கிறது, ஐயா?"

பந்தலுக்குள் ஆற்றுமணல் பரப்பியிருந்தது. பெண்கள் குசினியிலிருந்து அரிதட்டுகளைக் கொண்டுவந்து மணலை அரித்தார்கள். பொன்னுருக்கில் பொன் தொலைவது எப்படிப்பட்ட சகுனம் என்று ஒருவரும் வாய்திறக்கவில்லை. செந்தூரனின் முகம் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது எனக்குள் இருந்த வாத்தியார் எழும்பினார்.

"ஒருத்தரும் அசையக் கூடாது. எல்லாரும் இரண்டு கையையும் நீட்டுங்கோ."

நீட்டினார்கள். பெண் வீட்டுப் பெரியவர்கள் பதினாறு பேரும் நீட்டினார்கள். மனோன்மணி கண்ணை மூடிக்கொண்டாள். வரிசையின் கடைசியில் பெண்ணின் தகப்பன் கனகசபை. அதிகம் கதையாத மனிதர். அவரும் நீட்டினார். நீட்டிய கையில் மோதிரம் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் எத்தினை நிமிசம், மாஸ்ரர்?"

"ஏழு."

மோதிரத்தைக் கழற்றினார். "பொன் உருகினால் சரிதானே" என்று செந்தூரனிடம் கொடுத்தார். அவன் ஆசாரியாரிடம் கொடுத்தான். பத்து முப்பத்துநாலுக்கு உருகியது.

மத்தியானம் சம்பந்தியாரின் இலைக்குப் பாயாசம் விடக் குனிந்தேன். இடுப்புச் சால்வையின் மடிப்பிலிருந்து தங்கக் காசு வழுகி, அவருடைய வடைக்குப் பக்கத்தில் விழுந்தது. பந்தி முழுதும் சாப்பிடுவதை நிறுத்தியது. அவர் காசை எடுத்துத் துடைத்தார்.

"நீங்களும் இரண்டு கையையும் நீட்டியிருக்கலாம், மாஸ்ரர்."

மோதிரம் ஒன்றரைப் பவுண், காசு ஒரு பவுண். காசை அவரிடமே விட்டேன். மிச்ச அரைப் பவுணுக்குப் பணம் வேண்டாம் என்றார். பின்னம் தீராமல் எனக்கு நித்திரை வராது, கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். தட்டத்தையும் அவரே கேட்டு வாங்கினார். செட்டிகுளத்தில் அவர் வீட்டு விறாந்தைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறார். ஓட்டை ஆணிக்கு அளவாக இருக்கிறதாம்.

மாப்பிள்ளை வீட்டுப் பொன்னில் செய்ய வேண்டிய தாலி பெண் வீட்டு மோதிரத்தில் ஆனது. செந்தூரன் கொஞ்சம் குரலை உயர்த்தினால், மருமகள் தர்சினி தாலிக்கொடியை ஒரு விரலால் தூக்கி, "இது அப்பாவின்ரை மோதிரம்" என்பாள். அவன் குரல் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் இப்போது எதற்கும் ஓட்டை விழுவதில்லை. வாளிக்குக் குணம் வரும், குடைக்குக் குணம் வரும். போன கிழமை தர்சினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "மாமா, உங்கட பெனியனிலை மூண்டு இடத்திலை குணம் தெரியுது" என்றாள்.

பத்து ரூபாக் குற்றி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மற்றப்படி மெசின், உளிகள், அரைப் பவுண் எல்லாம் சேர்த்து எனக்குச் செலவானது இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூறு ரூபா.